பிஎம்டபிள்யூ 330ஐ-க்கு பின் டயர்: மச்சான் 275 மில்லிமீட்டர் அகலம் போட சொன்னான், நான் 255-லயே நின்னுட்டேன்

மொதல்ல வண்டி என்னன்னு சொல்லிடறேன். பிஎம்டபிள்யூ 330ஐ எம் ஸ்போர்ட், ஜி20 மாடல், பெங்களூர்லயே செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. ரெண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், கம்பெனி கணக்குல 258 ஹெச்பி, 400 நியூட்டன் மீட்டர் டார்க், அத்தனையும் பின் சக்கரத்துக்கு மட்டும். அதுக்கு மேல ஒரு ஸ்டேஜ் ஒன் மேப், அதாவது பவரைக் கூட்டற எஞ்சின் சாஃப்ட்வேர், ஏத்தியிருக்கேன், ட்யூன் பண்ணவங்க சொன்ன கணக்கு சுமார் 320 ஹெச்பி, 480 நியூட்டன் மீட்டர். வெளிநாட்டுல ஆயிரம் ஹெச்பி வெச்சு ஓட்டறவன் இதைக் கேட்டா சிரிப்பான், சிரிச்சுட்டுப் போகட்டும், இதே வண்டியை மழை நேரத்துல சில்க் போர்டு ஜங்ஷன்ல கொண்டாந்து நிறுத்தி சிக்னல் விழுந்ததும் கொஞ்சம் ஜாஸ்தியா மிதிச்சுப் பாக்கச் சொல்லுங்க, அப்புறம் பேசிக்கலாம்.

இது வீகெண்ட் வண்டி இல்ல. தினமும் ஆபீஸ், பொண்ணை ஸ்கூல்ல விடறது, கே.ஆர் மார்க்கெட்ல பூ வாங்கறது, நேரம் கிடைச்சா சேலத்துக்கு அம்மா வீட்டுக்கு, எல்லாமே இதுதான். அதனால டயர் தேடும்போது ‘எது பெஸ்ட் டயர்’ங்கற கேள்வியே எனக்குப் பிரயோஜனப்படல. எங்க, எந்த வேகத்துல, எந்த சூட்டுல, எந்த ரோட்ல ஓடப்போகுதுங்கறதுதான் கேள்வி.

பிரச்சினை ஆரம்பிச்சது ஏப்ரல் மாச மாம்பழ மழைல. மாசக்கணக்கா காஞ்சு கிடந்த ரோட்ல எண்ணெய், டயர் தூள், மெட்ரோ வேலை நடக்கற இடத்துல சிமெண்ட் தூசி எல்லாம் படிஞ்சிருக்கும், முதல் மழை அதைக் கழுவறதுக்கு முன்னாடி குழைச்சு விட்டுடும், அந்த முதல் இருபது நிமிஷம்தான் ஆபத்து. அவுட்டர் ரிங் ரோட்ல நாப்பது கிலோமீட்டர் வேகத்துல லேன் மாத்தும்போது மஞ்சள் டிஎஸ்சி லைட்டு, அதாவது வண்டி வழுக்காம கம்ப்யூட்டர் புடிக்கற சிஸ்டத்தோட லைட்டு, மின்னுது, பின்பக்கம் லேசா இடுப்பை ஆட்டிட்டு நேராகுது. காஞ்ச ரோட்லயும் ரெண்டாவது கியர்ல மிதிச்சா பவர் வர்றதுக்கு பதிலா எலக்ட்ரானிக்ஸ் பவரை வெட்டுது. மேப் போட்டு வாங்கின குதிரையை கம்ப்யூட்டர் புடிச்சு கட்டிப் போட்டா அப்புறம் மேப் எதுக்கு?

இன்னொரு கூத்தும் இருந்துச்சு. முன்னாடி ஓனர் முன் டயர் ரெண்டையும் சாதா டயரா, மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 5-ஆ மாத்திட்டு, பின்னாடி மட்டும் வண்டியோட வந்த ரன்ஃப்ளாட்டை, அதாவது காத்து போனாலும் ஓடற டயரை, அப்படியே விட்டு வெச்சிருந்தார். முன்னாடி ரோட்டுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு குடுக்கற டயர், பின்னாடி கட்டை மாதிரி சைட்வால், டயரோட பக்கச் சுவர். பள்ளத்துல இறங்கினா முன்பக்கம் அமைதியா இறங்கும், அடுத்த நொடி பின்பக்கம் டங்குன்னு ஒரு குத்து. ரெண்டு வேற வேற டைப்பை முன்ன பின்ன கலக்காதீங்கன்னு டயர் கம்பெனிகள் சொல்றது சும்மா இல்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியை பேஸ்மெண்ட்ல நிறுத்தி டார்ச் அடிச்சு பாத்தேன். நின்னு பாத்தா பின் டயர் சூப்பரா இருக்கு, வெளிப்பக்க பட்டையில ட்ரெட் பள்ளம் தாராளமா தெரியுது. தரையில பாயைப் போட்டு மல்லாக்கப் படுத்து பம்பருக்கு அடியில தலையை விட்டு உள்பக்கத்தைப் பாத்தாத்தான் விஷயமே. ட்ரெட் கேஜ் வெச்சு அளந்தேன்: வெளி ஓரம் 4.6 மில்லிமீட்டர், நடுவுல 3.7, உள் ஓரம் இடது சக்கரத்துல 1.5. அதாவது ட்ரெட் குழிக்குள்ள சின்ன மேடு மாதிரி இருக்குமே, வேர் இண்டிகேட்டர், அது 1.6-ல நிக்கும், உள் ஓரத்துல ரப்பர் அதையும் தாண்டித் தேய்ஞ்சு மேடும் டயரும் ஒரே மட்டமா வழவழன்னு கிடக்கு. விரலை உள்ள இருந்து வெளிய இழுத்தா ஒரு பக்கம் மழமழன்னு இருக்கு, எதிர்பக்கம் இழுத்தா ரம்பம் மாதிரி கீறுது. அந்தக் கீறல் டோ அலைன்மென்ட், அதாவது சக்கரம் நேரா பாக்குதா, உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்குதாங்கற கோணம், போனதோட அடையாளம், அதுக்கு அப்புறம் வர்றேன். வலது டயர் சைட்வால்ல நெல்லிக்காய் சைஸுக்கு ஒரு கட்டி வேற. எந்தப் பள்ளத்துல உள்ள இருக்கற நூல் அறுந்துச்சோ தெரியல. கட்டி வந்த டயரை ரிப்பேர் பண்ண முடியாது, ஹைவேக்கும் எடுக்கக் கூடாது. ஆக ரெண்டுமே காலி.

இப்ப என்ன வாங்கறதுங்கற இடத்துலதான் ஆளாளுக்கு ஒரு யோசனை. நான் மொதல்ல ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போட்டேன், பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ்தான். இந்த வண்டியோட எட்டு கியர் ஆட்டோமேட்டிக்ல முதல் கியர் 5.25, டிஃபரன்ஷியல் 2.81, ரெண்டையும் பெருக்கினா 14.75 வரும். 480 நியூட்டன் மீட்டரை அதால பெருக்கி, டயரோட ஆரம் 0.33 மீட்டரால வகுத்தா ரோட்டைத் தள்ளற விசை சுமார் 21,000 நியூட்டன், அதாவது 2,100 கிலோவுக்கு மேல. நடுவுல கொஞ்சம் வீணாகும், கம்ப்யூட்டரும் சின்ன கியர்ல கொஞ்சம் குறைக்கும், இருந்தாலும் கணக்கு கணக்குதான். இந்தப் பக்கம் டயர் தாங்கறது எவ்வளவு? வண்டி, நான், பெட்ரோல் எல்லாம் சேத்து சுமார் 1,600 கிலோ, முன் பின் கிட்டத்தட்ட சரிபாதி. மிதிக்கும்போது கொஞ்சம் எடை பின்னாடி சாயும், 940 கிலோன்னு வெச்சுக்கோங்க. நல்ல ரோட் டயருக்கு காஞ்ச தார்ல உராய்வுக் குணகம் ஒண்ணுக்குப் பக்கம், அப்ப 940 கிலோ வரைக்கும்தான் பிடி. நனைஞ்ச ரோட்ல 0.6, 0.7-ன்னு எடுத்தா 600 சொச்சம். முதல் கியர் 2,100 கேக்குது, ரெண்டாவது சுமார் 1,400, மூணாவதே 900. அதாவது மழைல மூணாவது கியர்ல முழுசா மிதிச்சாலும் பின் சக்கரம் சுத்தும். எந்தக் கடைல எவ்வளவு காசு குடுத்து என்ன டயர் வாங்கினாலும் முதல் கியர் முழு மிதியை அது தாங்காது.

இந்த இடத்துலதான் எனக்குத் தெளிவாச்சு. பிடி எப்பவும் விட்டுப்போகத்தான் போகுது, அதனால எவ்வளவு பிடிக்குதுங்கறதை விட விடும்போது எப்படி விடுதுங்கறதுதான் தினசரி ஓட்டறவனுக்கு முக்கியம். கொஞ்சம் கொஞ்சமா, முன்கூட்டியே சொல்லிட்டு விடற டயரா, இல்ல கடைசி வரைக்கும் கெட்டியா புடிச்சுட்டு பட்டுன்னு கையை உதறற டயரா? அதுவும் இந்த எஞ்சின்ல முழு டார்க்கும் 1,550 ஆர்பிஎம்லயே வந்து நின்னுடும், டர்போ இல்லாத பழைய வண்டி மாதிரி மெதுவா ஏறாது, ட்ராஃபிக்ல ஊர்ந்துட்டு இருக்கும்போதே அத்தனையும் கால் கட்டைவிரலுக்கு அடியில இருக்கு.

அல்சூர்ல இருக்கற மச்சான் ஒருத்தன், இவன் வண்டில எதையாவது மாத்திட்டே இருப்பான், அவனோட மந்திரம் ஒண்ணே ஒண்ணு: “275 போடுறா, பின்னாடி அகலமா இருந்தாத்தான் கெத்து, பிடியும் கூடும்.” கெத்து உண்மைதான். பிடி விஷயம் அவ்வளவு சுலபமில்ல. டயர் ரோட்டைத் தொடற பரப்பை பெரும்பாலும் தீர்மானிக்கறது மேல இருக்கற எடையும் உள்ள இருக்கற காத்தழுத்தமும்தான், அகலம் கூடினா அந்தப் பரப்போட வடிவம் மாறும், குறுக்க நீளமா, முன்ன பின்ன குட்டையா. வளைவுல அதனால லாபம் உண்டு, சூடு தாங்கறதுலயும் உண்டு. ஆனா தண்ணி தேங்கின ரோட்ல அகல டயர் சீக்கிரம் மிதக்க ஆரம்பிக்கும். அதோட என் வண்டில லிமிடெட் ஸ்லிப் டிஃப், அதாவது ஒரு சக்கரம் சும்மா சுத்துனா இன்னொண்ணுக்கும் விசையைக் குடுக்கற அமைப்பு, இல்ல, திரும்பும்போது எடை குறைஞ்ச உள் சக்கரம் சும்மா சுத்துனா 275 என்ன 305 போட்டாலும் அதே கதிதான்.

அவனையும் கூட்டிட்டுத்தான் ஜேசி ரோடு போனேன். கடைக்கார அண்ணன் ஆம்பூர் பக்கம், முப்பது வருஷமா டயரோட இருக்கறவர், ஒரு பக்கம் கன்னடத்துல ஆளுக்கு வேலை சொல்லிட்டே நம்மகிட்ட தமிழ்ல பேசுவார். மச்சான் 275-னு வாயைத் திறந்ததும் அவர் பதில் சொல்லாம என் பின் வீலைக் கழட்டச் சொன்னார், ஸ்போக்குக்குப் பின்னாடி துணியால துடைச்சு அச்சைக் காட்டினார்: 8½ ஜே × 18, அதாவது எட்டரை இஞ்ச் அகலம், 18 இஞ்ச் விட்டம். “தம்பி, உங்க ரிம் எட்டரை இஞ்ச். 255/40-க்கு எட்டரைல இருந்து பத்து வரைக்கும் ஓகே. 275/35-க்கு ஒன்பதுக்குக் கீழ கம்பெனிக்காரனே ஒத்துக்க மாட்டான். உள்ள ஏறும், ஏத்தித் தரேன், ஆனா டயர் பலூன் மாதிரி நடுவுல புடைச்சு நிக்கும், ஓரம் ரோட்ல சரியா படாது, காசு குடுத்து அகலம் வாங்கி நடுவுல மட்டும் ஓட்டுவீங்க.” சொல்லிட்டு மூலையில கிடந்த ஒரு பழைய 275-ஐ உருட்டிட்டு வந்தார், யாரோ குறுகின ரிம்ல போட்டு ஓட்டினது, நடுப் பட்டை மொட்டை, ரெண்டு ஓரமும் புதுசு மாதிரி. மச்சான் அதைத் தடவிப் பாத்துட்டு, அப்ப ரிம்மையே மாத்திடலாம்ல அண்ணேன்னு கேட்டான். அவன் அப்படித்தான்.

விட்டமும் பாக்கணும். 255/40 ஆர்18-னா அகலம் 255, அதுல 40 சதவீதம் சைட்வால் உயரம், அதாவது 102 மில்லிமீட்டர், ரிம் 18 இஞ்ச், மொத்த விட்டம் சுமார் 661 மில்லிமீட்டர். முன்னாடி இருக்கற 225/45 ஆர்18 சுமார் 660. ரெண்டும் ஒரே உயரம் வர்ற மாதிரி கம்பெனி கணக்கு பண்ணித்தான் குடுத்திருக்கான். 275/35-னா 650-க்கு இறங்கிடும், ஏபிஎஸ் டிஎஸ்சி எல்லாம் சக்கரம் சுத்தற வேகத்தை முன்ன பின்ன ஒப்பிட்டுத்தான் வேலை செய்யுது, ஒண்ணே முக்கால் சதவீதம் பெரிய குடி முழுகிடற விஷயம் இல்லதான், ஆனா சைட்வால் 96-க்கு குறையுது, பெங்களூர் பள்ளத்துக்கு அந்த ஆறு மில்லிமீட்டர் ரொம்ப முக்கியம். ஏற்கனவே ஒரு கட்டி பாத்தாச்சு.

அடுத்து ட்ராக் டயர் ஆசை. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09 மாதிரி 200 ட்ரெட்வேர் (தேய்மான நம்பர்) டயர், அதுக்கும் மேல டோயோ ஆர்888ஆர். காஞ்ச ரோட்ல, சூடானதுக்கு அப்புறம், இதுக்கு ஈடு கிடையாது. ஆனா சூடாகணுமே! டிசம்பர் காலைல பெங்களூர்ல பதினஞ்சு பதினாறு டிகிரி, பெல்லந்தூர்ல மணிக்கு பன்னெண்டு கிலோமீட்டர்ல ஊர்ந்தா அந்த ரப்பர் எப்ப சூடாகும்? சூடு ஏறாத ட்ராக் டயரை விட சாதாரண நல்ல சம்மர் டயர் நம்ம தினசரி ஓட்டத்துல கூடப் பிடிக்கும். ட்ரெட்ல பள்ளம் கம்மி, தண்ணி வெளிய போக வழி கம்மி. ட்ராக் டேக்குன்னு தனியா ரெண்டாவது செட் வீல் வெச்சிருந்தா தாராளமா போடுங்க, ஸ்கூல் வாசல்ல வேணாம்.

ட்ரெட்வேர்னு சொன்னதால ஒண்ணு. 300 போட்டிருந்தா 200-ஐ விட ஒண்ணரை மடங்கு ஓடும்னு நிறைய பேர் அடிச்சுச் சொல்றாங்க. அந்த நம்பர் அமெரிக்க அரசாங்கத்தோட ரேட்டிங். டெக்சாஸ்ல சுமார் 640 கிலோமீட்டர் சுத்து ஒண்ணு, அதுல வரிசையா வண்டிகளை விட்டு மொத்தம் 11,500 கிலோமீட்டர் பக்கம் ஓட்டி, கூட ஓடற ஒரு ரெஃபரன்ஸ் டயரோட தேய்மானத்தோட ஒப்பிட்டுப் போடறது. அந்த டெஸ்ட்டை நடத்தி நம்பரை முடிவு பண்றது டயர் கம்பெனியேதான். ஒரே கம்பெனிக்குள்ள ரெண்டு டயரை ஒப்பிட நம்பர் உதவும், இவனோட 300-ஐயும் அவனோட 300-ஐயும் தராசுல வெக்க முடியாது. பக்கத்துல ட்ராக்‌ஷன் ஏஏ, ஏ-ன்னு எழுத்து இருக்கும், அது ஈர ரோட்ல நேரா பிரேக் புடிச்சா எப்படி நிக்குதுங்கறது மட்டும், வளைவு கணக்குல இல்ல. டெம்பரேச்சர் ஏ-ன்னா 185 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலயும் சூட்டைத் தாங்கும்னு அர்த்தம். அவ்வளவுதான் விஷயம், அதுக்கு மேல அதுல ஜோசியம் பாக்க ஒண்ணுமில்ல.

ரொம்ப நேரம் மண்டையைக் குடைஞ்சது ரன்ஃப்ளாட்டா சாதாவாங்கறதுதான். இந்த வண்டில ஸ்டெப்னி கிடையாது, டிக்கிக்கு அடியில பேட்டரிதான் இருக்கு. ரன்ஃப்ளாட் இருந்தா காத்து மொத்தமா போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள 80 கிலோமீட்டர் தூரம் போய்ச் சேரலாம், அது சின்ன விஷயம் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு தொப்பூர் கணவாய்ல பஞ்சரானா அந்த 80 கிலோமீட்டர்தான் கடவுள். ஆனா அந்த தைரியத்துக்கு தினமும் ஒரு விலை குடுக்கறோம்: சைட்வால் தடிமன், எடை கூட, ரோட்டோட ஒவ்வொரு ஒட்டும் முதுகுல தெரியும். அம்மா சேலத்துல இருந்து வரும்போது ஓசூர் தாண்டினதுமே “ஏன்டா, இவ்வளவு காசு போட்டு வாங்கி மாட்டுவண்டில வர்ற மாதிரியே இருக்கு”ன்னுட்டாங்க. பிடி விஷயத்துலயும் அந்த முரட்டு சைட்வால் சின்னச் சின்ன மேடு பள்ளத்துல டயரை ரோட்டை விட்டுத் துள்ள வெக்குது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துல இரும்பு ஜாயிண்ட் வரும்போதெல்லாம் டிஎஸ்சி லைட்டு மின்னினதுக்கு அதுதான் பாதிக் காரணம்னு இப்ப மாத்தினதுக்கு அப்புறம் சொல்றேன்.

முன்னாடி ஏற்கனவே சாதா டயர். ஆக முடிவு: பின்னாடியும் அதே பைலட் ஸ்போர்ட் 5, 255/40 ஆர்18, 99 ஒய், எக்ஸ்எல் (எடை கூடத் தாங்கற வகை). இதை விட ஒரு படி கெட்டியா பிடிக்கற டயர் இருக்கு, இதை விட நீளமா உழைக்கற டூரிங் டயரும் இருக்கு. டூரிங் டயர் 400 நியூட்டன் மீட்டர் ஸ்டாக் வண்டிக்கே கொஞ்சம் திணறும், என் மேப்புக்கு வேணாம்னு விட்டேன். நாலும் ஒரே மாடலா இருந்தா முன் பின் ஒரே குணத்துல விடும், ஒரே மாதிரி எச்சரிக்கை குடுக்கும், நான் தேடினது அதுதான்.

99-ங்கறது லோடு இண்டெக்ஸ், ஒரு டயர் 775 கிலோ தாங்கும். இதே சைஸ்ல 95-உம் வரும், அது 690. கடைல ஸ்டாக் இருக்குன்னு 95-ஐ எடுத்து நீட்டினா வாங்காதீங்க, வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுக்குக் குறையக் கூடாது. ஒய்-னா 300 கிலோமீட்டர் வேகம் வரைக்கும், நமக்கு பெங்களூர் நைஸ் டோல் ரோட்ல கூட அதுக்கு வேலை இல்ல, ஆனா சூடு தாங்கற கட்டமைப்பு அதோட வருது.

டயர் உடனே கிடைக்கல. 2020 ஜூன்ல புது டயர் இறக்குமதியை அரசாங்கம் தடையில்லாத லிஸ்ட்ல இருந்து கட்டுப்பாட்டு லிஸ்ட்டுக்கு மாத்தினதுல இருந்தே இந்த மாதிரி சைஸுக்கெல்லாம் காத்திருக்கணும், லைசென்ஸ்ல வர்ற அளவுதான் வரும். நடுவுல வேற ஒரு கடைல உடனே தர்றேன்னு ஒரு ஜோடி காட்டினாங்க. சைட்வால்ல ஐஎஸ்ஐ முத்திரையே இல்ல. டாட் (DOT) எழுத்துக்குப் பின்னாடி கடைசியா வர்ற நாலு நம்பரைப் பாத்தேன், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், ஒண்ணு இன்னொண்ணை விட ரெண்டு வருஷம் மூத்தது. அந்த நம்பர் டயரோட ஒரு பக்கம் மட்டும்தான் முழுசா இருக்கும், மாட்டினதுக்கு அப்புறம் உள்பக்கம் போயிட்டா குனிஞ்சு பாக்க யாருக்கு முடியும், அதனால ரிம்ல ஏத்தறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. சும்மா கும்பிடு போட்டுட்டு ஜேசி ரோடு அண்ணன்கிட்டயே காத்திருந்து வாங்கினேன். ரெண்டும் ஒரே வாரம். விலை அப்ப ஒண்ணு இருபதாயிரத்தைத் தாண்டுச்சு, ரன்ஃப்ளாட்டை விட கம்மிதான். கட்டி வந்த டயருக்கு எக்ஸ்சேஞ்ச் எல்லாம் கிடையாதுன்னு சிரிச்சார்.

மாட்டற அன்னைக்குப் பக்கத்துலயே நின்னேன். நிக்கணும். ரன்ஃப்ளாட்டைக் கழட்டறது பெரிய மல்லுக்கட்டு, ஹெல்பர் ஆர்ம் இருக்கற மெஷின் இல்லேன்னா ரிம் ஓரம் கீறிடும். வால்வுக்குப் பின்னாடி காத்தழுத்தம் பாக்கற டிபிஎம்எஸ் சென்சார் உக்காந்திருக்கும், டயர் விளிம்பை ரிம்ல இருந்து பிரிக்கற தகடு அந்தப் பக்கம் அழுத்தினா சென்சார் செத்தது, மொதல்லயே பையன்கிட்ட சொல்லிட்டேன். இந்த டயருக்கு சுத்தற திசை இல்ல, ஆனா வெளிப்பக்கம் உள்பக்கம் உண்டு, சைட்வால்ல எழுதியிருக்கும். மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேரா வெச்சு ஏத்தினாங்க, அது டயரோட எடை கம்மியான இடம், வால்வு பக்கம் ரிம் கொஞ்சம் எடை கூட, ஒண்ணுக்கொண்ணு ஈடு ஆயிடும், பேலன்சிங் வெயிட் கம்மியா போதும். வெயிட்டும் ஓரத்துல அடிக்கற கிளிப் டைப் வேணாம்னு உள்ள ஒட்டற டைப் போட்டாங்க.

வீல் உக்காரற ஹப்ல துரு லேசா இருந்துச்சு, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு சுத்தம் பண்ணிட்டுத்தான் வீலை ஏத்தினோம், அந்தத் துருவோட இறுக்கினா வீல் நேரா உக்காராது, அப்புறம் 100-ல ஸ்டியரிங் நடுங்குதுன்னு பேலன்சிங்கைத் திட்டுவோம். போல்ட்டை ஏர் கன்ல டர்ர்னு இறுக்க விடல, கையால சுத்தி விட்டு கடைசில டார்க் ரெஞ்ச்ல 140 நியூட்டன் மீட்டர். கிளிக் சத்தம் அஞ்சும் கேட்டாச்சு.

அடுத்து அலைன்மென்ட், இதைப் பண்ணாம புது டயர் போடறது காசை ரோட்ல தேய்க்கறதுக்குச் சமம். இந்த வண்டில பின் சக்கரம் மேல் பக்கம் உள்ள சாஞ்ச மாதிரிதான் கம்பெனியே வெச்சிருக்கான், நெகட்டிவ் கேம்பர், வளைவுல அதுதான் பிடி குடுக்குது. கேம்பர் மட்டும் டயரைப் பெருசா தின்னாது, அதோட டோவும் தப்பா இருந்தாத்தான் சாஞ்சு நிக்கற உள் ஓரம் ஒவ்வொரு மீட்டருக்கும் கொஞ்சம் பக்கவாட்டுல இழுபடும், விரல்ல கீறின அந்த ரம்பப் பல் அப்படி வந்ததுதான். ஸ்கிரீன்ல இடது பின் டோ செக்கச் செவேல்னு நின்னுச்சு. நிறைய கடைல முன் சக்கரத்தை மட்டும் சரி பண்ணிட்டு பில் போட்டுடறாங்க, பின்னாடியும் எக்சென்ட்ரிக் போல்ட் இருக்கு, திருப்பினா டோவும் கேம்பரும் ரெண்டுமே அட்ஜஸ்ட் ஆகும், கேட்டு வாங்குங்க. டோ ரெண்டு பக்கமும் பச்சைக்கு வந்துச்சு, கேம்பரை கம்பெனி ரேஞ்சுக்குள்ள எவ்வளவு கம்மியா வெக்க முடியுமோ அவ்வளவு வெக்கச் சொன்னேன். பிரிண்ட் அவுட் ரெண்டும், சரி பண்றதுக்கு முன்னாடி எடுத்ததும் அப்புறம் எடுத்ததும், டேஷ்போர்டுல இருக்கு. வண்டி ஸ்கிரீன்ல, ஐட்ரைவ் மெனுவுல போய் டயர் பிரஷர் மானிட்டரையும் ரீசெட் பண்ணியாச்சு.

முதல் 300 கிலோமீட்டர் அடக்கி வாசிச்சேன். அச்சுல இருந்து டயர் ஒட்டாம வர்றதுக்குப் போடற பொருள் மேல இருக்கும், அது தேய்ஞ்சு போற வரைக்கும் வழுக்கும், அதுவும் பின் சக்கர வண்டில.

அதுக்கப்புறம் வந்த மழைல வித்தியாசம் தெரிஞ்சுது. பின்பக்கம் வழுக்காம இல்ல, மேல போட்ட கணக்குப்படி வழுக்கத்தான் செய்யும். மெட்ரோ வேலைக்காக ரோட்ல போட்டு வெச்சிருக்கற இரும்புத் தகடு, ஜீப்ரா கிராசிங் பெயிண்ட், இதுலயெல்லாம் ரெண்டாவது கியர்ல மிதிச்சா இப்பவும் நழுவுது. ஆனா முன்னெல்லாம் சீட்டுல எனக்குத் தெரியறதுக்குள்ள டிஎஸ்சி லைட்டு எரிஞ்சுடும், இப்ப மொதல்ல இடுப்புல ஒரு லேசான நெளிவு தெரியுது, நான் காலைத் தளர்த்தறேன், லைட்டு பெரும்பாலும் எரியறதே இல்ல. வண்டி மோடும் ஒரு சமாச்சாரம், மழைன்னா கம்ஃபர்ட் இல்லேன்னா ஈகோ ப்ரோல போட்டுடுவேன், ஆக்சிலரேட்டர் மெதுவா பேசும். தொப்பூர் இறக்கத்துல தருமபுரில இருந்து சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக் அடிச்சுட்டே வளைவு எடுக்கறப்ப பின்பக்கம் லேசாகி மிதக்கற மாதிரி ஒரு பயம் இருக்கும், அது இப்ப இல்ல. அங்க லாரிகளோட பிரேக் நிலவரம் வேற கதை, டயர் என்ன பண்ணும், தூரம் விட்டுப் போங்க.

காத்து விஷயத்துல ஒரு சுவாரசியம். கதவுத் தூண்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் பிரஷர்தான் வெக்கறேன், காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, குளிர்ந்த டயர்ல. பெங்களூர் கடல்மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரம், சேலம் 300-க்கும் கீழ. கீழ இறங்கினா வெளிக்காத்தோட அழுத்தம் கூடுது, அதனால டயர் கேஜ் சுமார் ஒரு பிஎஸ்ஐ கம்மியா காட்டும். ஆனா சேலம் வெயில் அஞ்சு டிகிரி பக்கம் கூட இருக்கும், அஞ்சாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ கணக்குல ஏறி அதை ஈடுகட்டிடும். ஆக அங்க போய்ச் சேர்ந்ததும் பெட்ரோல் பங்க்ல சூடு டயர்ல பாத்துட்டு காத்தை இறக்காதீங்க, மறுநாள் காலைல பாருங்க. நைட்ரஜன் அடிக்கச் சொல்லி காசு கேப்பாங்க, சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், நான் அடிக்கறதில்ல.

ரன்ஃப்ளாட் போனதால டிக்கில இப்ப ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர், பிளக் கிட், ஹெட் டார்ச், பழைய கையுறை. டிபிஎம்எஸ்-உம் ரிப்பேர் கிட்டும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயமில்லன்னு 2020-லயே விதியை மாத்திட்டாங்க, சட்டத்துக்கு ஓகே. ஆணி ட்ரெட் நடுவுல ஏறினா ரோட்டோரம் நானே நூல் பிளக் சொருகி ஊர் போய்ச் சேருவேன், சேர்ந்ததும் டயரைக் கழட்டி உள்ள இருந்து மஷ்ரூம் பேட்ச் போடச் சொல்லணும், இந்த வேகத்துக்கும் டார்க்குக்கும் நூல் பிளக்கை நிரந்தரமா நம்பறதுக்கில்ல. சைட்வால்ல கிழிஞ்சா எந்த கிட்டும் உதவாது, ஃபிளாட்பெட்தான். டோயிங் நம்பர் போன்ல இருக்கு.

சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதுக்கு அப்புறம் மறுபடி பாயைப் போட்டுப் படுத்து அளந்தேன். வெளி ஓரம் 6.5, நடு 6.1, உள் ஓரம் 6.3, ரெண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒண்ணுபோல. உள் ஓரம் தப்பிச்சுது, அலைன்மென்ட் காசு வீண் போகல. நடு மட்டும் ஒரு பொடி கூடத் தேயுது, நான் மிதிக்கற மிதிக்கு அது எதிர்பாத்ததுதான். நாலு பேரா ஊருக்குப் போகும்போது ஃபுல் லோடு பிரஷர் ஏத்திட்டு, திரும்பி வந்து தனியா ஓட்டறப்ப இறக்காம விடற சோம்பேறித்தனமும் அதுல கொஞ்சம் இருக்கும், இனிமே திங்கட்கிழமை காலைல இறக்கிட்டு ஓட்டி அடுத்த அளவுல நடு எவ்வளவு வருதுன்னு பாக்கணும். மச்சான் ஒன்பதரை இஞ்ச் ரிம் தேடிட்டு இருக்கான், அவன் வண்டிக்கு.